கொண்டை ஊசி வளைவில் எரிந்த சிவப்பு விளக்கு: என்ஜின் ஆயில் எங்கே போயிற்று?

பதிவு 1 – கொல்லிமலைப் பயணி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருந்தோம். அங்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ முப்பதைத் தாண்டிய பிறகு, வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும், டேஷ்போர்டில் கிண்டி வடிவில் இருக்கும் சிவப்பு விளக்கு ஓரிரு நொடி எரிந்து அணைந்தது. நேரான சாலையில் எரியவில்லை. என்ஜினில் வேறு சத்தமும் இல்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, அடுத்த முறை 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால் விளக்கு எரியாது என்றார். வண்டியோடு வந்த கையேட்டில் 5டபிள்யூ-30 என்றுதான் இருக்கிறது. கடைசியாக ஆயில் மாற்றி 8,000 கிலோமீட்டர் ஆகிறது. அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 2,000 இருக்கிறது. அதுவரை ஓட்டலாமா, கெட்டியான ஆயிலுக்கு மாறலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 – ஓய்வுபெற்ற பட்டறைக்காரர், நாமக்கல்

தம்பி, இத்தனை எழுதிய நீங்கள் ஒன்றை எழுதவில்லை. ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தீர்களா? அந்த மெக்கானிக்காவது பார்த்தாரா? முதலில் வண்டியை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் மேலே உள்ள ஆயில் கீழே சம்ப்பு எனும் ஆயில் தொட்டிக்கு இறங்கிவிடும். பிறகு கம்பியை உருவி, சுத்தமான துணியில் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுங்கள். முதல் தடவை உருவியதும் தெரியும் அளவை நம்பாதீர்கள். அது குழாயின் சுவரில் ஒட்டியிருந்த ஆயிலாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டாம்.

பதிவு 3 – கொல்லிமலைப் பயணி

ஐயா, பார்த்துவிட்டேன். கம்பியின் நுனியில் ஒரு சொட்டு மட்டும் ஒட்டியிருந்தது. கீழ்க்கோட்டுக்கு வெகு கீழே. வண்டி நிற்கும் தரையில் ஒழுகிய கறை எதுவும் இல்லை. ஆயில் குறைந்தால் விளக்கு தொடர்ந்து எரிய வேண்டாமா? வளைவில் மட்டும் ஏன் எரிந்தது? இதுதான் எனக்குப் புரியவில்லை.

பதிவு 4 – பாலிடெக்னிக் ஆசிரியை

இந்தக் குழப்பம் என் மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. என்ஜின் பிளாக்கில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அழுத்தம் ஏறத்தாழ அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கும் கீழே இறங்கும்போதுதான் அது விளக்கை எரியவிடும். சூடான என்ஜின் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும்போது அழுத்தம் மூன்று, நான்கு பார் இருப்பது வழக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால், விளக்கு எரிவது எவ்வளவு கடைசிக் கட்டம் என்பது விளங்கும். சில புதிய வண்டிகளில் அளவுக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு உண்டு; உங்கள் வண்டியில் அது இருக்காது.

இனி வளைவுக்கு வருகிறேன். அடியிலுள்ள சம்ப்பில் தேங்கியிருக்கும் ஆயிலை, வலை பொருத்திய ஒரு குழாய் வழியாகப் பம்ப் உறிஞ்சி, ஃபில்டருக்குள் செலுத்தி, அங்கிருந்து, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் அனுப்புகிறது. சம்ப்பில் ஆயில் பாதியாகிவிட்ட நிலையில் வண்டி கூர்மையாகத் திரும்பினால், தாம்பாளத்துத் தண்ணீரைப் போல ஆயில் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும். வலையின் வாய் அந்த நொடியில் காற்றில் நிற்கும், பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும், அழுத்தம் சரியும், விளக்கு எரியும். வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் எரிந்ததற்குக் காரணம், உங்கள் சம்ப்பில் அந்த வலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். மெக்கானிக் சொன்ன கெட்டியான ஆயிலை ஊற்றினாலும் வளைவில் அதுவும் ஒதுங்கவே செய்யும்.

பம்ப் தரும் அழுத்தம்தான் தண்டைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. 1880-களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது, பேரிங்கின் தலையில் இருந்த எண்ணெய்த் துளையை ஒரு தக்கையால் அடைத்தார். தண்டு சுழலச் சுழல, உள்ளிருந்த எண்ணெய் அந்தத் தக்கையை வெளியே தள்ளிவிட்டது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று குறுகலான இடைவெளிக்குள் திணிப்பதால், பெரிய அழுத்தம் அங்கே தானாகவே உருவாகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். உங்கள் கிராங்க் தண்டும் இப்படித்தான், தலைமுடியின் தடிமனில் சிறு பங்கே இருக்கும் ஆயில் படலத்தின்மேல், உலோகத்தில் உரசாமல் மிதக்கிறது. பம்ப்பின் வேலை அந்தப் படலத்துக்கு ஆயில் தீராமல் பார்த்துக்கொள்வது. அது சில நொடிகள் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பட்டறைக்காரர் ஐயா பலமுறை பார்த்திருப்பார்.

பதிவு 5 – ஓய்வுபெற்ற பட்டறைக்காரர், நாமக்கல்

பார்த்திருக்கிறேன் அம்மா. பேரிங் கிராங்கோடு ஒட்டிக்கொண்டு, கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்த என்ஜினைக்கூடப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்த பிறகு, வீடு பக்கம்தானே என்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி வந்த வண்டி அது.

தம்பி, கையேட்டில் உள்ள அதே 5டபிள்யூ-30 ஆயிலை, பெயர் தெரிந்த கடையில், சீல் உடையாத கேனாக வாங்குங்கள். ஒரேயடியாகக் கவிழ்க்காமல் அரை லிட்டர் ஊற்றி, சிறிது பொறுத்து, கம்பியைப் பார்த்து, பிறகு அடுத்த அரை லிட்டர் என்று போங்கள். பெரும்பாலான வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் கிராங்க் அதில் அடித்து மோர் கடைவதுபோல் நுரையாக்கிவிடும். நுரை பம்ப்புக்குள் போனால் அதுவும் காற்றுதான். எவ்வளவு பிடித்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கு பிறகு வேண்டும்.

பதிவு 6 – வாடகை வண்டி ஓட்டுநர்

எல்லோரும் 20டபிள்யூ-50-ஐக் குறை சொல்வதால் என் அனுபவத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என்னுடைய பழைய வாடகை வண்டியில் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, விளக்கு மினுக்கத் தொடங்கியது. கெட்டி ஆயில் ஊற்றினேன், மினுக்கல் நின்றது; அதன் பிறகும் வண்டி மூன்று ஆண்டுகள் ஓடியது. நம் ஊரில் பனியா பெய்கிறது? குளிர்நாட்டுக்கு எழுதிய கணக்கை நாம் ஏன் பின்பற்ற வேண்டும்?

பதிவு 7 – பாலிடெக்னிக் ஆசிரியை

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை, ஓட்டுநர் அண்ணா. தேய்ந்த பேரிங்கில் இடைவெளி அதிகமாகி, ஆயில் சுலபமாக ஒழுகிவிடுவதால் ஐடிலில் அழுத்தம் குறைகிறது. கெட்டி ஆயில் அதை மெதுவாக ஒழுகவிடும். என்ஜினைப் பிரிக்கும் செலவுக்குத் தகுதியில்லாத ஒரு பழைய வண்டியின் கடைசிக் காலத்தைத் தள்ள அது ஒரு வழி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நண்பரின் வண்டியில் பேரிங் தேய்ந்ததாக எந்த அறிகுறியும் இல்லை, ஆயில்தான் இல்லை.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதைக் குறிக்கும்; 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பனி இல்லாத ஊரில் இது எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஆயிலுக்கு நம் மார்கழிக் காலை மட்டுமன்றிச் சித்திரைக் காலையும் குளிர்தான். 30 டிகிரியில் இருக்கும் ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியானது. ஸ்டார்ட் செய்ததும் கேம் தண்டுவரை ஏறிச் சேர 5டபிள்யூ எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 20டபிள்யூ அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

பின்னால் இருக்கும் எண் சூட்டுக்கானது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் வகுத்த ஜே300 என்ற தரக்குறிப்பின்படி, 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் கெட்டி. இன்றைய என்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. அவற்றின் துளைகளும் வழிகளும் குறிப்பிட்ட பாகுநிலையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அழுத்தமானியில் எண் உயர்வதாலேயே ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறது என்று கொள்ள முடியாது. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தாலும் அழுத்தம் உயரத்தான் செய்யும்.

பதிவு 8 – கொல்லிமலைப் பயணி

மேல்கோட்டைத் தொட 1.6 லிட்டர் பிடித்தது. கையேட்டின்படி ஃபில்டரோடு சேர்த்து மொத்தக் கொள்ளளவே 3.1 லிட்டர். அப்படியென்றால் பாதி ஆயிலோடு மலையேறியிருக்கிறேன். இந்தச் செய்தியை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வேறொரு பட்டறையிலும் விசாரித்தேன். ஆயில் குடிக்கும் வண்டி என்றால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். உண்மையாகவே அவ்வளவு செய்ய வேண்டுமா?

பதிவு 9 – ஓய்வுபெற்ற பட்டறைக்காரர், நாமக்கல்

கணக்குப் போடுவோம். 8,000 கிலோமீட்டரில் 1.6 லிட்டர் என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 மில்லி. பத்து ஆண்டு ஓடிய வண்டிக்கு இது நல்ல எண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்ஜினை இறக்கும் நோயும் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேலும் ஏற்கத்தக்கது என்று எழுதி வைத்திருக்கும் கையேடுகள் உண்டு. ஒரு வண்டி ஆயில் குடிப்பதும், குடிப்பதை எட்டாயிரம் கிலோமீட்டர் வரை ஒருவரும் பாராமல் விடுவதும் வேறு வேறு குறைகள். இரண்டாவதைச் சரிசெய்யக் காசு வேண்டாம்.

இப்போது ஒன்று கவனியுங்கள். மலையிறங்கும்போது கீழ் கியரில், ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கியிருப்பீர்கள். சமதளம் வந்து மிதித்ததும் பின்னால் நீலப்புகை ஒரு தடவை குப்பென்று வந்து நின்றதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா? அப்படியென்றால் ரிங்கைவிட வால்வு சீல் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் என்ஜினுக்குள் வெற்றிடம் அதிகம். கல்லாகிப்போன ரப்பர் சீல் வழியாக ஆயிலை அது உள்ளே இழுத்துவிடும். முடுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் முன்னால், என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் கிராங்க்கேஸின் ஆயில் ஆவியை இன்டேக் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயிலைத் தள்ளும்.

பதிவு 10 – டீசல் வண்டிக்காரர், கோவை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கவலை நேர் எதிரானது. என்னுடையது பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் எஸ்யூவி. நகருக்குள் தினமும் ஆறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆயில் குறையவில்லை, மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது. குறையாதவரை நல்லதுதானே?

பதிவு 11 – பாலிடெக்னிக் ஆசிரியை

இல்லை, உடனே ஆயிலை மாற்றுங்கள். ஏறியிருப்பது டீசல். உங்கள் வண்டியின் புகைபோக்கியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க, என்ஜின் தன் வழக்கமான பீய்ச்சலுக்குப் பிறகு கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்கைக் கடந்து சம்ப்பில் இறங்குகிறது. நீண்ட பயணத்தில் எரிப்பு ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆறு கிலோமீட்டரில் தொடங்கிய எரிப்பு பாதியில் நின்று, மறுநாள் மீண்டும் தொடங்கும். இப்படித் தினமும் கொஞ்சம் டீசல் சேர்ந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. அளவு ஏறினாலும் படலம் மெலிகிறது. வாரம் ஒரு முறையாவது அவிநாசிச் சாலையைத் தாண்டி அரை மணி நேரம் சீராக ஓட்டி வாருங்கள்.

புதிதாக ஊற்றுவது சாம்பல் குறைந்த வகையாக இருக்கட்டும். கையேட்டில், ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி2 அல்லது சி3 போன்ற குறிப்பு இருக்கும். கரியை எரித்துவிடலாம், ஆயிலின் உலோகச் சேர்மானங்கள் விட்டுச் செல்லும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

பதிவு 12 – வேளச்சேரிவாசி

ஆயில் அளவு ஏறுவதற்கு எங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நின்ற வண்டிகள் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஆவலில் சாவியைத் திருப்பினார். சிலிண்டருக்குள் நின்ற தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. நான் தொடாமல் இழுவை வண்டியில் அனுப்பினேன். டிப்ஸ்டிக்கில் பால் டீயின் நிறத்தில் ஆயில் இருந்தது. இரண்டு முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே நிறம் தெளிந்தது.

பதிவு 13 – ஓய்வுபெற்ற பட்டறைக்காரர், நாமக்கல்

அதே பால் டீ நிறம் வெள்ளம் இல்லாமலே வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், சில வண்டிகளில் ஆயில் கூலர். ஆனால் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் தடவியதுபோல மெல்லிய படிவு இருந்து, கம்பியில் ஆயில் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம். குறுகிய ஓட்டத்தில் என்ஜின் முழுச்சூடு பிடிக்காததால் தங்கிய ஈரம் அது. இதைக் காட்டி ஹெட்டைக் கழற்றச் சொன்ன ஆட்களும் உண்டு.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கி வைப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று. விரலில் தேய்த்துப் பார்த்து ஆயில் செத்துவிட்டது என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பதிவு 14 – கொல்லிமலைப் பயணி

புகையைக் கவனித்தேன். ஐயா சொன்னது போலவே, மேம்பாலத்திலிருந்து கியரில் இறங்கி மிதித்தபோது ஒரு தடவை மட்டும் நீலப்புகை வந்தது என்று பின்னால் வந்த தம்பி சொன்னான். பிசிவி வால்வைக் கழற்றி அசைத்தேன். உள்ளே கலகலக்க வேண்டிய சத்தமே இல்லை, பிசின் பிடித்து ஒட்டியிருந்தது. புதியது மாற்றிவிட்டேன்.

வளைவுகளில் காற்றை உறிஞ்சியதால் பேரிங் கெட்டிருக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. பேரிங் தேய்மானத்தை நிறுத்தும் என்று கடையில் ஒரு பாட்டில் மருந்து தருகிறார்கள். கலக்கலாமா?

பதிவு 15 – பாலிடெக்னிக் ஆசிரியை

பாட்டில் வேண்டாம். நல்ல ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம் முன்பே அளந்து கலக்கப்பட்டிருக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால் அதற்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். சமையற்காரர் உப்புப் போட்ட குழம்பில் நாமும் ஒரு கை உப்பு அள்ளிப் போடுவானேன்?

பயத்துக்கு அளவீடுதான் மருந்து. ஆயிலை இப்போதே மாற்றச் சொல்லுங்கள். அழுத்த சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். பேரிங் உரசியிருந்தால் ஜிகினாத் தூள் போல மின்னும். காந்தம் வைத்து ஒட்டவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள், பேரிங்கின் மேற்பூச்சில் காந்தம் ஒட்டாது.

பதிவு 16 – ஓய்வுபெற்ற பட்டறைக்காரர், நாமக்கல்

ஃபில்டர் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், தம்பி. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதியதை மாட்டினால் இரண்டு வளையமாகி, அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் சாலையில் போய்விடும். நானே தொழில் பழகிய காலத்தில் ஒரு அம்பாசடருக்கு இதைச் செய்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

பதிவு 17 – கொல்லிமலைப் பயணி

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அன்று சூட்டில் ஐடிலில் 1.2 பார், 3,000 சுற்றில் 3.6 பார் காட்டியது. இரண்டும் பட்டறைக் கையேட்டின் வரம்புக்குள் இருந்தன. ஃபில்டர் தாளில் கறுப்பைத் தவிர மினுக்கம் எதுவும் இல்லை. ரப்பர் வளையம் பழைய ஃபில்டரோடே வந்துவிட்டது. நான் கேட்டு வாங்கிப் பார்த்ததில் பட்டறைப் பையனுக்குக் கொஞ்சம் கோபம்.

ஆயில் மாற்றிய பிறகு 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கம்பியைப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். இதுவரை ஊற்றியது 350 மில்லி. அதாவது ஆயிரத்துக்கு 200 ஆக இருந்தது 120-க்குச் சற்றுக் கீழே வந்திருக்கிறது. மேம்பாலத்துப் புகை குறைந்திருக்கிறதே தவிர, நிற்கவில்லை. வால்வு சீலை இப்போதே மாற்ற வேண்டுமா, ஐயா?

பதிவு 18 – ஓய்வுபெற்ற பட்டறைக்காரர், நாமக்கல்

வேண்டாம். ஆயிரத்துக்கு 400-ஐத் தொட்டால் எழுதுங்கள். அதுவரை டிக்கியில் ஒரு லிட்டர் கேனும் ஒரு பழைய துணியும் இருக்கட்டும்.